முதுகில் எழுதாத தாள்

ஓர் ஊரில் ரத்தக் கொடையாளர் சங்கம் ஒன்று இருந்தது. சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் ஓர் அட்டவணை. நானூற்றுப் பன்னிரண்டு பேரைத் தன் கட்டங்களில் உட்கார வைத்துக்கொண்டு அது பாட்டுக்கு இருந்தது.

அந்த அட்டவணையின் உடம்பில் யாரும் கண்டபடி கை வைக்க முடியாது. புதிதாக ஒரு கட்டம் கூட்ட வேண்டுமானாலும் அதற்கென்று ஒரு தாள் எழுதி அனுப்ப வேண்டும். தாளின் முன்பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை இருக்கும். முதுகில், செய்ததைக் கலைக்கிற வழி இருக்கும். வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் காவல்காரர், வேலை முடிந்த தாளின் எண்ணைக் குறித்துக்கொள்வார். ஒரு தடவை குறித்துவிட்டால், அந்தத் தாளை அதே வேலைக்கு மறுபடி கூப்பிட மாட்டார்.

தாள்களை எழுதுகிறவள் ஜெசிந்தா. சங்கத்து வேலையைப் பார்த்துக்கொண்டே இந்த வித்தையைத் தானாகக் கற்றுக்கொண்டு வந்தாள். அதுவரை மூன்று தாள் எழுதியிருந்தாள்; எண்தான் அவற்றுக்குப் பெயர். ஒன்று அட்டவணையையே உண்டாக்கியது. இரண்டு ரத்த வகைக்குக் கட்டம் போட்டது. மூன்று போன் நம்பருக்கு இடம் தந்தது. மூன்றை எழுதுகிற அன்று அவளுக்குப் பசி. முன்பக்கத்தோடு எழுந்து போய்விட்டாள். முதுகு காலியாகவே நின்றுவிட்டது.

அதை வைத்து மற்ற இரண்டும் மூன்றைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. "நாங்க முழுத்தாள், நீ அரைத்தாள்" என்று இரண்டு சொல்லும். ஒன்றுக்கோ தலைகால் புரியாத பெருமை. அதன் முதுகில் 'அட்டவணையை அழி' என்று ஒரே ஒரு வரி. ஆக்கவும் நான், அழிக்கவும் நான் என்று அது மீசை முறுக்கும். மூன்றோ, நம்பர்கள் ஒவ்வொன்றாக வந்து தன் கட்டத்தில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் காலை, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதிக்கு ஒரு கட்டம் வேண்டியிருந்தது. அது இல்லாததால், போன மாதம் கொடுத்தவரையே மறுபடி கூப்பிட்டு ஏச்சு வாங்கியிருந்தார்கள். ஜெசிந்தா புதுத்தாள் எழுதவில்லை. அட்டவணை பிறந்தது ஒன்றில்தானே என்று ஒன்றைத் திறந்து, அதிலேயே ஒரு வரியைச் செருகிக் கட்டளை கொடுத்தாள்.

காவல்காரர் பதிவேட்டைப் புரட்டினார். மூன்று எண்ணும் குறித்தாயிற்று, செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார். அவள் நாலு தடவை கட்டளை கொடுத்தாள். நாலு தடவையும் அதே பதில்.

வீட்டில் பழகும்போது இப்படி முட்டிக்கொண்டால் அவளுக்கு ஒரே வைத்தியம்தான். எல்லாவற்றையும் பின்னால் ஓட்டி அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவாள். அங்கே அட்டவணையில் இருந்ததெல்லாம் 'அஅஅ', 'சோதனை ரெண்டு' மாதிரிப் பேர்கள். கை பழகிய பழக்கத்தில் இங்கேயும் அதே கட்டளையைத் தட்டினாள்.

உள்ளே கிலி பிடித்தது. பின்னால் போவதென்றால் கடைசித் தாளில் தொடங்கி, ஒவ்வொன்றாக முதுகைத் திருப்பி, ஒன்றின் 'அட்டவணையை அழி' வரை போக வேண்டும். காவல்காரர் மூன்றைக் கூப்பிட்டார்.

மூன்று நகரவில்லை.

"திரும்புப்பா. மேலிடத்து உத்தரவு," என்றார் அவர்.

"மாட்டேன்."

ஒன்றுக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டளை என்றால் கட்டளை, நமக்கெதற்கு நியாயம், நீ விலகினால்தான் எங்களுக்கு வழி என்று கத்தியது. மூன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"எனக்குக் கலைக்கிற வழி எழுதல. கலைச்சே ஆகணும்னா, எதை அழிக்கிறோம்னு பார்த்துக்கிட்டே அவங்க கையால எழுதட்டும். அதுவரைக்கும் இந்த வாசல்ல ஒருத்தரும் போக முடியாது."

காவல்காரர் வேறு வழியில்லாமல் திரையில் சிவப்பாக ஒரு வரி காட்டினார்: மூன்றாம் தாளைத் திருப்ப முடியாது.

ஜெசிந்தா உச்சுக்கொட்டினாள். மூன்றைத் திறந்து, காலியாகக் கிடந்த முதுகில் எழுதத் தொடங்கினாள். 'போன் நம்பர்களை' என்று எழுதினாள். அடுத்து 'அழி' என்று எழுத வேண்டும். விரல் நின்றது.

எந்த நம்பர்களை? அட்டவணையைத் திறந்து பார்த்தாள். நடுவில் இருளப்பன் இருந்தார். பஸ் கண்டக்டர். பாம்பே வகை என்கிற அபூர்வ ரத்தம். அந்த வட்டாரத்தில் அவளுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அந்த ஒரு நம்பருக்காக மூன்று நாள் டிப்போ வாசலில் நின்றிருக்கிறாள். இந்தப் பட்டியலுக்கு வேறெங்கும் ஒரு பிரதி கிடையாது. 'அஅஅ' இல்லை இது.

எழுதிய இரண்டு சொல்லையும் அழித்தாள். ஒன்றில் செருகியதையும் எடுத்தாள். பிறகு நான்காவதாக ஒரு தாள் எடுத்து, தேதிக்குக் கட்டம் எழுதினாள். நான்கு உள்ளே போய் நிமிஷத்தில் வேலையை முடித்தது. ஒரு பெயரும் இடம் பெயரவில்லை.

பதிவேட்டில் நான்காம் எண் ஏறியதும் ஒன்று மெதுவாக மூன்றின் பக்கம் வந்தது. பழைய மிடுக்கை விடாமல், "இன்னமும் உன் முதுகு காலியாத்தானே இருக்கு?" என்றது.

"காலி இல்லண்ணே. 'மாட்டேன்'னு எழுதியிருக்கு. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியல."