மலைக்குப் போகும் பஸ்

குரு என்றால் காவி கட்டித்தான் இருக்க வேண்டுமா என்ன? டாக்டர் செண்பகவல்லி கட்டியது கைத்தறிப் புடவை. சிஷ்யர் நல்லசிவத்துக்கே தலை நரைத்துவிட்டது. அந்த அம்மாளிடம் வார்டில் திட்டு வாங்கித் தொழில் கற்றவர், இன்று மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தலைமை மருத்துவர்.

ஒரு நாள் காலையில், ஓய்வுபெற்ற குருவின் வீட்டுக்கு வந்து நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“இந்த வருஷம் நிதியை வெட்டிட்டாங்க மேடம்.”

“எந்த வருஷம் வெட்டலை?”

“இது ரொம்ப அதிகம். ஆனா நான் ஒரு மாத்திரையைக் குறைக்கலை. ஒரு கட்டிலை எடுக்கலை. நோயாளிக்குப் போற எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேன்.”

“அப்புறம் எதுல கை வெச்சே?”

“அமரர் ஊர்தியை நிறுத்தினேன். டீசல், டிரைவர், ரிப்பேர்னு அது ஒரு பெரிய செலவு. இறந்தவங்களை ஊர்ல கொண்டுபோய் விடறது வைத்தியம் இல்லையே!”

செண்பகவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“இப்ப ஒண்ணுதான் புரியலை. மலைக்காரங்க வைத்தியம் நடந்துக்கிட்டிருக்கும்போதே, ‘எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்’னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. பிழைக்க வேண்டியவங்க மேடம்! இன்னிக்கும் ஒரு பொண்ணு, ரோசான்னு பேரு. உண்ணிக் காய்ச்சல் முத்திப்போய் வந்தா. பிழைச்சுக்குவான்னுதான் தோணுது, ஆனா அடிச்சுச் சொல்ல முடியலை. அவ அப்பா கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

“செருப்பைப் போட்டுக்கோ” என்றார் செண்பகவல்லி.

ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தம். இருவரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெரிய டாக்டர் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பார்த்து டீக்கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

மலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒரு மனிதர் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். பின்னால் பையும் பிளாஸ்க்குமாக அவர் மனைவி. பெண்ணின் தலை ஒரு பக்கமாகத் துவண்டிருந்தது. ரோசாதான்.

கண்டக்டர் படியிலிருந்து இறங்கினார்.

“மூச்சு இருக்கா?”

“இருக்குங்க சாமி.”

கண்டக்டர் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. “ஏத்துங்க, பாத்து, பாத்து” என்று தானும் ஒரு கை பிடித்தார்.

நல்லசிவம் எழுந்து ஓடினார்.

“சடையன்! எங்கே கொண்டு போறீங்க? இவ பிழைச்சுக்குவாய்யா!”

“நிச்சயமாங்களா?” என்று கேட்டார் சடையன்.

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், சொல்லவில்லை.

“வாய்ப்பு இருக்கு.”

“இங்கயே ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா பஸ்ல ஏத்த மாட்டாங்க. தனி வண்டி வெச்சா மலைக்கு என்ன கேப்பான்னு தெரியுமில்லீங்களா? இருக்கிற காட்டை வித்தாலும் பத்தாது. உசுரு இருக்கையிலே டிக்கெட்டு வாங்கிப் போயிடலாம். பெத்தவன் பேசற பேச்சா சாமி இது?” அவர் அழுதுவிட்டார்.

“வண்டிக்கு நான் பொறுப்பு. இறங்குங்க. ஒருவேளை அவ...”

தாய் திரும்பினாள். “ஒருவேளை? சொல்லு! எம்புள்ள செத்துருவான்னு சொல்லத்தான் ஓடி வந்தியா?”

பெரிய டாக்டர் ஓர் அடி பின்வாங்கினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

நல்லசிவம் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

அவர் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. செண்பகவல்லி இன்னும் அந்த பெஞ்சில்தான் இருந்தார்.

“பாதி மலையிலேயே போயிட்டா மேடம். கண்டக்டர் அழுதுக்கிட்டே இறக்கி விட்டுட்டார். ரோட்டோரத்துல மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான்தான் என் கார்ல ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்த்தேன்.”

அவர் சட்டை முழுக்கப் புழுதி. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

“காலையிலேயே ரோசாவோட அம்மாகிட்ட சொல்லியிருக்கணும். அவ போயிட்டாலும் நான் கொண்டு வந்து விடறேன்னு. வாயே வரலை. உயிரோட இருக்கிற பொண்ணை வெச்சுக்கிட்டு அதை எப்படிச் சொல்றது?”

“முன்னே அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கலை” என்றார் செண்பகவல்லி. “வண்டி வாசல்ல நிக்கும். அதைப் பாத்துட்டுப் பேசாம உள்ளே போய் மக பக்கத்துல உக்காந்துக்குவாங்க.”

நல்லசிவம் குலுங்கிக் குலுங்கி அழுதார். குரு தடுக்கவில்லை.

பிறகு சிஷ்யர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கே வண்டி ஓடும். ஆனா பணம் இல்லைங்கிறது பொய் இல்லையே மேடம். வேற எதையாவது நிறுத்தித்தான் ஆகணும். எதை நிறுத்தறது?”

“தெரியலை.”

“உங்களுக்கேவா?”

“எனக்கும் தெரியலைப்பா. எதை நிறுத்தினாலும் சரி, மறுநாள் இங்கே வந்து உக்காந்து பாரு.”