இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இந்தப் புதிரை அவிழ்க்க வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. எதையும் நான் ஒளிக்கவில்லை. மாதக் கணக்கை மட்டும் கதைக்காக நானே கற்பனையாக வைத்துக்கொண்டேன்; வக்கீல்கள் யாரும் இதை நம்பிக் கெடுவைத் தவறவிட வேண்டாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு பெயின்ட் கிடங்குக்குப் பின்னால், அச்சுப் பக்கங்களை அமைத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. அயர்லாந்து நாட்டு வக்கீல்களும் வரி ஆலோசகர்களும் நாள்தோறும் புரட்டும் தடித்த சட்ட நூல்கள் இங்கேதான் பக்கங்களாயின. அந்த நாட்டு மழையை இங்கே ஒருவரும் கண்டதில்லை. ஆனால் அங்கே ஒரு விவசாயி இறந்தால் அவர் நிலத்துக்கு யார் எவ்வளவு வரி கட்டவேண்டும் என்பது இங்கே பத்துப் பேருக்குத் தெரியும்.

அந்த ஆண்டு டப்ளினிலிருந்து இரண்டு புதிய நூல்கள் ஒரே சமயத்தில் வந்தன. ஒன்றுக்கு நீல அட்டை, மற்றதற்குச் சிவப்பு. இரண்டின் பதிப்பாளர்களும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஆகவே ஊழியர் எல்லோரிடமும் ஓர் உறுதிமொழி வாங்கப்பட்டது: ‘ஒரு நூலின் வாசகம், விளக்கம், அமைப்பு எதையும் மற்ற நூலுக்குக் கொண்டுபோக மாட்டேன்.’

தேவகிருபை அங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாக அச்சுப் பிழை தேடி மெய்ப்புப் பார்ப்பவர். கணவர் இல்லை. மகளின் நர்சிங் படிப்பு அந்த ஒரு சம்பளத்தில் நடந்தது. நீல நூலை முடித்த மறுவாரம் சிவப்பு நூலின் ஒன்பதாம் அத்தியாயம் அவர் மேசைக்கு வந்தது. 212ஆம் பக்கத்தில், இறந்தவரின் விளைநிலத்தைப் பெறுகிறவர் வரிச்சலுகை கேட்கப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு என்றிருந்தது. அடுத்த பக்கத்தில் ஓர் உதாரணக் கணக்கு: நோரா என்ற பெண், தந்தை இறந்த ஒன்பதாம் மாதம் விண்ணப்பித்துச் சலுகை பெறுகிறாள்.

தேவகிருபையின் பென்சில் நின்றது. புத்தாண்டிலிருந்து அவகாசம் நான்கே மாதம் என்று நீல நூலில் படித்திருந்தார். சிவப்பு நூலின் முகப்பிலோ, ‘இந்நூல் புத்தாண்டு நாளின் சட்டத்தைச் சொல்கிறது’ என்றிருந்தது. அதை எழுதியவர் புதிய சட்டத்தைப் பார்க்கத் தவறியிருக்கிறார்.

தேவகிருபை ‘பன்னிரண்டு’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

பக்கம் அமைக்கும் ரங்கமன்னார் வட்டத்தைப் பார்த்தான். அவனும் நீல நூலில் வேலை செய்தவன்.

“இதுக்கு ஏங்க்கா இவ்வளவு யோசனை? நாலுன்னு மாத்திடறேன். எழுதுனவரே, ‘அட, நாம சரியாத்தான் எழுதியிருக்கோம்’னு சந்தோஷப்படுவாரு.”

மாற்றியும் விட்டான். மேலாளர் உமையொருபாகம் கண்டுபிடித்து, மறுபடி பன்னிரண்டாக்கினார்.

“நம்ம வேலை எழுத்துப் பார்க்கறது. சட்டம் பார்க்க அவங்க ஊர்ல ஆளிருக்கு. வாக்குக் குடுத்திருக்கோம்மா. கையெழுத்துப் போடுங்க.”

“இந்த அத்தியாயத்துக்குப் போட மாட்டேன் சார்.”

“ஏன்னு எழுதிக் குடுங்க.”

தேவகிருபை எழுந்து கணினியின் முன் உட்கார்ந்தார். அயர்லாந்து அரசு யாரும் படிக்கலாம் என்று இணையத்தில் போட்டிருந்த சட்டப் பக்கத்தைத் திறந்தார். புதிய பிரிவை அச்செடுத்து, 212ஆம் பக்கத்தோடும் நோராவின் கணக்கோடும் சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

“இதுல நீல புக்கோட ஒரு வார்த்தை இருக்கா, பாருங்க சார்.”

உமையொருபாகம் முட்டாள் அல்ல. “இல்லைதான். ஆனா அங்க போய்த் தேடணும்னு உங்களுக்கு யார் சொன்னா? நீல புக்குதானே? அப்ப வாக்கை மீறுனதுதானே?”

“ஆமா சார், அதைப் படிச்சதாலதான் தேடுனேன். படிச்ச கண்ணைக் கழட்டி அந்த மேசையிலயே வெச்சுட்டு வர முடியல.”

“ஊசியை எடுங்க. இல்லேன்னா நாளையிலிருந்து வரவேண்டாம்.”

தேவகிருபை ஊசியை எடுக்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். முப்பத்தொரு அத்தியாயங்களின் ஒப்புதல் தாளில் ஒன்பதாவது கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. படித்தவர் தவிர வேறு யாரும் அதில் கையெழுத்திடக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி.

பிழையைத் திருத்தியவன் ரங்கமன்னார். வாக்கைக் காத்தவர் உமையொருபாகம். வேலையை விட்டவர் தேவகிருபை. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: ரங்கமன்னார் ஒரு சொல்லைத் திருத்தினான், நோராவை ஒன்பதாம் மாதத்திலேயே விட்டுவிட்டான். எழுதியவருக்குத் தெரியாமல் செய்த திருத்தம் அடுத்த பதிப்பில் பழையபடி பன்னிரண்டாகிவிடும். உமையொருபாகம் வாக்கைக் காத்தார், ஆனால் வாக்கில் இல்லாததையும் சேர்த்துக் காத்தார். வாசகம், விளக்கம், அமைப்பு என்றுதான் அந்த உறுதிமொழி சொன்னது. சட்டம் எந்தப் பதிப்பாளரின் சொத்தும் அல்ல. எங்கே தேடுவது என்று தெரிந்தது குற்றமென்றால், படிப்பதே குற்றம். அப்படியொரு வாக்கை எந்த மெய்ப்பாளரிடமும் கேட்க முடியாது. தேவகிருபை செய்ததே சரி. அதற்காக வேலை திரும்பக் கிடைத்தது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன், கிடைக்கவில்லை. வெறும் கட்டத்தை நிரப்ப ஆளில்லாமல், அது ஏன் வெறுமை என்று காட்ட ஊசி குத்திய பக்கங்களே அப்படியே டப்ளின் போயின. சிவப்பு நூல் பங்குனியில் வந்தது. நன்றியுரையில் தேவகிருபையின் பெயர் இல்லை. 213ஆம் பக்கத்தில் நோரா மூன்றாம் மாதமே வக்கீலின் கதவைத் தட்டுகிறாள்.