அரக்கு அடைத்த ஆமை

முன்னொரு காலத்திலே, கல்லுக்கும் காது இருந்த காலத்திலே, வெண்கோட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் மலைச்சீமையை மன்னருக்குப் பதிலாக ஓர் ஆளுநர் ஆண்டுவந்தார். சிறையில் கிடப்பவரின் தண்டனையைக் குறைத்து, ஒரு நிபந்தனை போட்டு வீட்டுக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. நிபந்தனையை மீறினால் அந்தக் கருணையைத் திரும்பப் பெறவும் அதிகாரம் உண்டு.

அதிகாரத்தோடு மன்னர் ஒரு வெண்கல ஆமையையும் கொடுத்திருந்தார். பேசும் ஆமை! யாரையாவது மறுபடி சிறைக்கு அனுப்ப ஆளுநர் நினைத்தால் அது மூன்று கேள்வி கேட்கும். "நிபந்தனை என்ன? அதை மீறியது உண்மையா? அவர் சொல்வதைக் கேட்டாயா?" மூன்றுக்கும் பதில் வந்தால்தான் ஆணை செல்லும்.

அந்தச் சீமையில் மருக்கொழுந்து என்று ஒருத்தி இருந்தாள். மகா கோபக்காரி. சுங்கக்காரர்கள் தன் மாட்டைப் பிடித்துக்கொண்டு போன ஆத்திரத்தில் ஒருநாள் சுங்கச் சாவடிக்குத் தீ வைத்துவிட்டாள். அவள் கணவன் சடையன் எண்ணெய் ஊற்றினான். உள்ளே தூங்கிய காவல்காரனுக்குக் கை வெந்துபோனது. இருவருக்கும் ஆயுள் சிறை.

பல வருஷம் கழித்து, அப்போதிருந்த ஆளுநர் மனம் இரங்கினார். "சடையா, நீ ஆற்றைத் தாண்டக் கூடாது. மருக்கொழுந்து, நீ நெருப்பைக் கையில் எடுக்கக் கூடாது. போய்ப் பிழையுங்கள்" என்று விட்டுவிட்டார். சொன்ன சொல்லை இருவரும் காப்பாற்றினார்கள். அவன் ஆற்றங்கரையோடு நின்றுகொள்வான். அடுப்பு மூட்டுவதும் விளக்கேற்றுவதும் அவன்தான்.

அந்த நல்ல ஆளுநர் காலமானார். வீரகேது வந்தான். வீரம் பேரில்தான், எதிரி வந்துவிடுவானோ என்று எந்நேரமும் நடுங்குவான். அவனிடம் கரடன் என்ற மந்திரவாதி வந்து சேர்ந்தான்.

"உடையாத மதில் வேண்டுமா, பிரபு? மனிதக் கல்லால் கட்டுங்கள். விடுதலையானவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்களே! ஆமையின் வாயை அரக்கு வைத்து அடையுங்கள். பிறகு, ஒவ்வொருவராக நினைத்து, 'திரும்பப் பெற்றேன்' என்று மூன்று முறை சொன்னால் போதும். அவர்கள் எங்கே இருந்தாலும் கல்லாகிவிடுவார்கள்."

அப்படியே ஒவ்வொருவராகச் செய்யத் தொடங்கினான் வீரகேது.

சடையன் அவரைக்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். குடத்தைச் சாய்த்தவன் சாய்த்தபடியே கல்லானான். காவலர்கள் வந்து வண்டியில் ஏற்றினார்கள்.

"என்ன தப்பு செஞ்சார்? ஆற்றுப்பக்கம் கால்கூட வைக்கலையே!" என்று அலறினாள் மருக்கொழுந்து.

"எங்களுக்குத் தெரியாதும்மா. ஆணை."

அவள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். காடு வந்தது, நடந்தாள். மேடு வந்தது, நடந்தாள். கோட்டை வந்தது, சாந்துச் சட்டி சுமக்கும் பெண்களோடு கலந்து உள்ளே நுழைந்தாள்.

மதிலில் காதை வைத்தாள். கல்லெல்லாம் முனகின. "என்னை ஒரு வார்த்தை கேட்கலையே... என்னை ஒரு வார்த்தை கேட்கலையே..." அந்தக் குரல்களுக்கு நடுவே சடையன் குரலும் கேட்டது.

சட்டியைக் கீழே வைத்தாள். நேராக ஆளுநர் சபைக்குள் போய் நின்றாள்.

"ஐயா, நான் மருக்கொழுந்து. என் வீட்டுக்காரர் எந்த நிபந்தனையை மீறினார்?"

வீரகேது சிரித்தான். "கொடுப்பதும் என் இஷ்டம், பறிப்பதும் என் இஷ்டம். உன்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?"

ஆசனத்துக்குப் பக்கத்தில் இருந்த வெண்கல ஆமையை அவள் பார்த்தாள். அதன் வாய் நிறைய சிவப்பு அரக்கு. கண்களில் நீர். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. கொண்டை ஊசியால் குத்தினாள், வரவில்லை. "சுரண்டட்டும், விடு" என்று வீரகேது வேடிக்கை பார்த்தான்.

மருக்கொழுந்து திரும்பினாள். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தொடாதே! தொட்டால் நிபந்தனையை மீறியவள் ஆவாய்!" என்று கத்தினான் கரடன்.

"தெரியும்" என்றாள். விளக்கைக் கையில் எடுத்தாள்.

"திரும்பப் பெற்றேன்!" என்றான் வீரகேது. அவள் பாதங்கள் கல்லாயின. அவள் விளக்கை ஆமையின் வாயருகே பிடித்தாள்.

"திரும்பப் பெற்றேன்!" இடுப்புவரை கல்லானது. அரக்கு உருகிச் சொட்டியது.

மூன்றாம் முறை அவன் வாயைத் திறப்பதற்குள் ஆமை வாயைத் திறந்தது.

"நிபந்தனை என்ன? மீறியது உண்மையா? அவர்கள் சொல்வதைக் கேட்டாயா?"

மதில் முழுவதையும் பார்த்து அது கேட்டது. வீரகேதுவிடம் ஒரு பதிலும் இல்லை. மதில் கலகலவென்று சரிந்தது. ஒவ்வொரு கல்லும் எழுந்து நின்று, இருமி, புழுதியைத் தட்டிக்கொண்டது. மருக்கொழுந்துவின் கால்களில் ரத்தம் ஓடியது. கரடனின் மந்திரம் அவன் தொண்டையிலேயே செத்தது. கூட்டத்தைக் கண்டு ஓடியவன் திரும்பவே இல்லை.

ஆமை வீரகேதுவிடம் திரும்பியது. "என் கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஆள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் நீயும் இந்த ஆசனத்தில் உட்கார்ந்தாய். அதிகாரத்தைத் திரும்பப் பெறுகிறேன். திரும்பப் பெ..."

"நில்லு!" என்றாள் மருக்கொழுந்து. "அவர் சொல்றதையும் கேளு."

சபை திகைத்தது. வீரகேது தலைகுனிந்தான். "எனக்குப் பயம். எல்லாவற்றுக்கும் பயம். வேறொன்றும் இல்லை."

"கேட்டேன்" என்றது ஆமை. கல்லாக்காமல், ஆசனத்தை விட்டு மட்டும் இறக்கி அவனை அனுப்பியது.

மன்னரின் தங்கை மங்கையர்திலகம் புதிய ஆளுநராக வந்தார். அவர் முன் வந்த முதல் வழக்கே மருக்கொழுந்துவின் வழக்குதான்.

"நெருப்பை எடுத்தாயா?"

"எடுத்தேன், அம்மா. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் எடுப்பேன்."

சடையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆளுநர் ஆமையின் பக்கம் திரும்பினார்.

"நிபந்தனையை மீறியது உண்மை. காரணத்தைக் கேட்டேன். அதிகாரம் என் கையில் இருக்கிறது. திரும்பப் பெறவில்லை. இன்றோடு உங்கள் இருவர் தண்டனையும் தீர்ந்தது."

ஆமை தலையாட்டியது.

கதையைக் கேட்டவர்களும் நன்றாயிருக்கட்டும். தம் சொல்லைக் கேட்க ஓர் ஆள் இல்லாதவர்களுக்கு அந்த ஆமையே துணையாய் இருக்கட்டும்!