திருடத் தகுந்த கூடு

ஏரி நடுவே கருவேல மரங்கள். ஐப்பசி மழைக்கு ஏரி நிரம்பியதும் நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் வந்து இறங்கின. கூடு கட்டும் காலம். கூச்சலுக்குக் கேட்கவா வேண்டும்?

நாரைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. மனதுக்குப் பிடித்தவள் காலடியில் ஆண் நாரை ஒரு குச்சியை வைக்கும். அவள் அதை எடுத்துக் கிளையில் செருகினால் கல்யாணம் முடிந்தது. மேளம் கிடையாது, பந்தி கிடையாது. நல்ல வழக்கம்.

மூக்கையன் என்ற நாரையும் குச்சி கொண்டுவந்தான். பெண் நாரைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. அவன் நேராகப் போய்ச் சடையன் காலடியில் வைத்தான். சடையனும் ஆண் நாரை. எடுத்துச் செருகினான். பட்டப்பகலில், ஏரியே பார்க்க.

பெண் நாரைகள் நீட்டிய கழுத்தை மடக்கிக்கொண்டன.

பக்கத்துக் கிளை நீர்க்காகம் மருதாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏண்டா மூக்கையா, ரெண்டு பேரும் உட்கார்ந்து எதை அடைகாக்கப் போறீங்க? கூழாங்கல்லையா?"

"நீ அடைகாத்த லட்சணம் தெரியாதா? தூக்கத்துல புரண்டு பாதி முட்டையை ஏரிக்குத் தானம் பண்ணினவதானே," என்றான் மூக்கையன்.

மரமே சிரித்தது.

விஷயம் ஏரித் தலைவர் கூழைக்கடாவிடம் போனது. அவர் கெட்டவர் இல்லை. வம்பு பிடிக்காதவர், அவ்வளவுதான். மூக்கையனைத் தனியே அழைத்து வழி சொன்னார். இருவரும் அண்ணன் தம்பி என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் காற்று அடிக்காத நடுக்கிளை தருவார். உள்ளே எப்படி வாழ்ந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

மூக்கையன் யோசித்தான். நடுக்கிளை லேசில் கிடைக்காது. இந்த ஏரியை விட்டால் போக்கிடமும் கிடையாது. பிறந்ததே இந்த மரத்தில்தான்.

"தம்பிக்கு யாருங்க குச்சி வைப்பாங்க?" என்றான். "நான் அவனோட குடும்பம் நடத்துறேன். அதை ஒளிச்சு நடத்த எனக்குத் தெரியாதுங்க."

தலைவருக்குக் கோபம் வந்தது. கட்டளை போட்டார். இருவரையும் விரட்டப் போவதில்லை. ஆனால் அவர்கள் கூட்டுக் குச்சியை ஒருவரும் தொடக்கூடாது.

இது என்ன தண்டனை என்று கேட்பீர்கள். அந்த ஏரி அப்படி. அங்கே எல்லாரும் எல்லாரிடமும் குச்சி திருடுவார்கள். நீ இரை தேடப் போனால் பக்கத்துக்காரன் உருவுவான். அவன் போனால் நீ உருவுவாய். வந்து கத்துவார்கள். கத்தி முடித்ததும் சேர்ந்து மீன் பிடிக்கப் போவார்கள். கேட்டு வாங்குவது அந்நியரிடம்தான். திருடாவிட்டால் உறவு இல்லை என்று அர்த்தம்.

கட்டளைப்படி எவரும் தொடவில்லை. மூக்கையன் கொண்டுவந்த குச்சியெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. சடையன் நெருக்கிப் பின்னினான். கூடு வண்டிச் சக்கரம் அளவுக்கு வளர்ந்தது. அப்படி ஒரு கூடு ஏரியில் யாருக்கும் இல்லை.

சடையனுக்குப் பெருமை. மூக்கையனுக்கோ நத்தை தொண்டையில் இறங்கவில்லை. இரை தேடித் திரும்பும்போதெல்லாம் தூரத்திலிருந்தே பார்ப்பான், ஒரு குச்சியாவது போயிருக்காதா என்று. போயிருக்காது.

கார்த்திகைக் கடைசியில் காற்று சுழற்றி அடித்தது. மருதாயியின் கூடு ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே குஞ்சுகள். சுற்றிலும் எல்லார் கூடும் நைந்து கிடந்தது. உருவ எங்கே குச்சி?

இறக்கையை ஒடுக்கிக்கொண்டு மூக்கையனிடம் வந்து நின்றாள். "ஒரு குச்சி தர்றீங்களா?"

ஏண்டா என்று கூப்பிட்டவள் மரியாதை கொடுக்கிறாள். மூக்கையனுக்கு அதுதான் சுட்டது. சடையன் குச்சி எடுக்கக் குனிந்தான். மூக்கையன் குறுக்கே காலை வைத்தான்.

"கேட்டா குடுக்க மாட்டேன் மருதாயி. நாங்க என்ன வெளியூரா? வேணும்னா திருடிக்க."

"தலைவர் கட்டளை இருக்கே."

"குஞ்சு யாருது, தலைவரோடதா?"

சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். போய்விட்டாளோ என்று நினைத்தான். அப்போது கூடு லேசாக ஆடியது. சரக்கென்று ஒரு குச்சி உருவிக்கொண்டு போனது.

மூக்கையன் திரும்பினான். ஊர் வழக்கப்படி தொண்டை கிழியக் கத்தினான். "அடி திருட்டு நீர்க்காகமே! என் கூட்டுலயா உன் வேலையைக் காட்டுறே!"

"போடா நெட்டைக்காலா! கோட்டை கட்டி வெச்சிருக்கே, ஒண்ணு போனா குறைஞ்சா போயிடுவே?"

ஏரியில் எல்லாக் கழுத்தும் நிமிர்ந்தது. காற்று அடிக்கிற நேரத்தில் கட்டளையை யார் கட்டிக்கொண்டு அழுவது? ஒவ்வொருவராக வந்து உருவினார்கள். கூழைக்கடாவின் மனைவியும் வந்தாள். இருப்பதிலேயே பெரிய குச்சியாகப் பார்த்து இழுத்துக்கொண்டு போனாள். தலைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள் பாதிக் கூடு காணோம். இப்படி மொட்டையடித்துவிட்டார்களே என்று சடையன் புலம்பினான்.

"நம்மளையும் மொட்டையடிச்சிருக்காங்கடா," என்று மூக்கையன் சிரித்தான். அன்று நத்தை நன்றாக இறங்கியது.

மறுநாள் மருதாயி மீனுக்குப் போன நேரம் பார்த்து, குஞ்சுகள் விழாத பக்கமாக அவள் கூட்டிலிருந்து ஒரு குச்சியை உருவினான்.

இருக்கிறபடி தலைநிமிர்ந்து வாழ்கிறவனை ஊர் ஒதுக்கி வைத்தால், சரிவது ஊரின் கூடுதான்.