தலை மட்டும் மாறின தகடு

என்னங்கடா, கதை கேக்க வந்துட்டு ஆளாளுக்கு செவுத்துல சாஞ்சாச்சு? கொட்டாவி விட்டீங்க, அந்த வாயையும் கதையில சேத்துருவேன். கேளுங்க.

ரொம்ப காலத்துக்கு முந்தி, ஐரோப்பாவுல பனி கொட்டுற ஒரு நாட்ட ருட்பர்ட்னு ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான்னா, பழைய ராஜாவ அடிச்சுத் தொரத்திட்டு அப்பத்தான் உக்காந்தான். உக்காந்ததும் மொத உத்தரவு: "நான் குதிரையில வர்ற படம் பத்து நாள்ல வீட்டுக்கு வீடு தொங்கணும்!"

வேலை யோரிஸ் தலையில விழுந்துச்சு. செப்புத் தகட்டுல உளியால கீறி, மை தடவி, காகிதத்துல அழுத்திப் படம் எடுக்குறவன். ஒரு தகடு செதுக்கவே ஒரு வருஷமாவும். பத்து நாளுக்கு எங்க போவான்? பழைய ராஜா குதிரையில வர்ற மாதிரி முன்னாடி அவன் செதுக்கின தகடு பரண்ல கெடந்துச்சு, அத எடுத்தான். தலைய மட்டும் சுரண்டி வழிச்சுட்டு, அங்க ருட்பர்ட் தலையக் கீறினான். முடிஞ்சுது ஜோலி.

ராஜாவுக்கு ஒரே குஷி. வால்டோ பிரபுவுக்குத்தான் வயிறு எரிஞ்சுது. அந்த வேலைய அவரு தன் மச்சானுக்குக் கேட்டு வச்சிருந்தாரு. பழைய படம் ஒண்ணத் தேடிப்புடிச்சு சபையில விரிச்சாரு.

"பாத்தீங்களா மகாராஜா! ஒடம்பு அந்த ஓடிப்போனவனோடது. தலை மட்டுந்தான் உங்களுது!"

ராஜா எகிறிட்டான். "இவன் கைய வெட்டுங்கடா!"

யோரிஸ் அசையல. "வெட்டுங்க ராஜா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். நீங்க ஏறி வர்ற குதிரை யாருது?"

"...அவனுது."

"தலையில இருக்குற கிரீடம்?"

ராஜா கிரீடத்தத் தொட்டுப் பாத்தான்.

"மிச்சமெல்லாம் அப்படியே இருக்க, தலைய மட்டும் மாத்தினது நீங்க. நாட்டுல நீங்க செஞ்சத நான் தகட்டுல செஞ்சேன். உங்களுக்குப் பட்டாபிஷேகம், எனக்குக் கை போவணுமா?"

"திமிரப் பாத்தீங்களா மகாராஜா!"ன்னு வால்டோ துள்ளினாரு.

"இருங்க பிரபு. ராஜா, குதிரை காலடியில ஒருத்தர் மண்டி போட்டிருக்காரே, யாருன்னு பாருங்க. ரெண்டு படத்துலயும்."

ராஜா குனிஞ்சு பாத்தான். அதே மீசை, அதே இளிப்பு. பழைய ராஜா காலத்துல கெஞ்சிக் கூத்தாடி படத்துல ஏறின வால்டோதான். ஆத்திரத்துல அத அவரே மறந்துட்டாரு.

"அவருக்கு மட்டும் ஒரு கீறல்கூட மாத்த வேண்டி வரல, ராஜா."

ராஜா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சான். யோரிஸ் கை தப்பிச்சுது, தோள்ல ராஜாவோட கம்பளி அங்கியும் விழுந்துச்சு. ராஜா சுத்தியலும் ஆணியும் வால்டோ கையில குடுத்து, "வீடு வீடாப் போய் நீயே மாட்டிட்டு வா"ன்னுட்டான்.

யோரிஸ் கெளம்புறப்ப ராஜா நிறுத்தினான். "ஏம்ப்பா, அவரு ரெண்டு பேருக்கும் மண்டி போட்டாரு, சரி. நீ?"

"நானும் அப்படித்தான் ராஜா. பழைய ராஜாவுக்குப் படத்துக்கு அடியில 'பல்லாண்டு வாழ்க'ன்னு கீறினதும் இந்தக் கைதான். அந்த வரிய நான் சுரண்டவே இல்ல. உங்க தலையக்கூட ஆழமாக் கீறல. நாளைக்கு வழிக்கிறப்போ எனக்குத்தான கை வலிக்கும்?"