வேர் அறாமல் ஒரு செடி

அன்று அந்தப் பாறையடியில் இருந்தவர்கள் மூன்று பேர். தாவர ஆராய்ச்சி செய்கிற எஸ்தர் ராஜம், வயது நாற்பத்திரண்டு. அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்த இசக்கியப்பன், வயது ஐம்பது. ஊரில் மேல்நிலைப் பள்ளி வாத்தியார். வழித்துணைக்கு வந்த வனக்காவலர் மாசாணம். வயதைக் கேட்டால், "நாப்பதோ அம்பதோ, தோணுனதப் போட்டுக்கிடுங்க" என்பார். ரத்தம் குடிக்கிற அட்டைகளும் இருந்தன. அவற்றை எண்ண முடியவில்லை.

மாணவரைவிட ஆசிரியை எட்டு வயது இளையவர். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். மாசாணத்துக்கு அது பிடிபடவில்லை.

"ஒங்க ரெண்டு பேர்ல யாரு வாத்தியாரு, யாரு படிக்கிற புள்ள?" என்று ஏறும்போதே கேட்டுவிட்டார்.

"யாருக்கு மூச்சு வாங்குதோ அவருதான் படிக்கிற புள்ள" என்றார் இசக்கியப்பன், மூச்சு வாங்கிக்கொண்டே.

மலையின் மேல்முகட்டில் சாய்ந்த சுவர்போல நின்றது அந்தக் கரும்பாறை. அதன் மேல் ஆண்டு முழுவதும் நீர் கசிந்துகொண்டிருக்கும். பாறையை மூடிப் பாசி, கை அமுங்கும் அளவுக்குத் தடித்துக் கிடந்தது. பாசிக்குள்ளிருந்து சாண் உயரச் செடிகள் தலை நீட்டியிருந்தன. வீட்டு வாசலில் வளர்க்கும் காசித்தும்பைக்குத் தூரத்து உறவு. வெள்ளைப் பூ. பூவின் இதழில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

போன வருஷம் அதைக் கண்டுபிடித்தவர் இசக்கியப்பன். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பாறை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டார். இந்த மலையை விட்டால் வேறெங்கும் அது இல்லை. இந்த மலையிலும் இந்த ஒரு பாறையை விட்டால் இல்லை.

அந்தப் பாறைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. வெடி வைத்து உடைத்து, சுற்றுலா வருகிறவர்கள் நின்று பார்க்க மேடை கட்டப்போகிறார்கள். ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் கொடுத்திருந்தார்கள். இசக்கியப்பன் அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று செடியைப் பற்றிச் சொன்னார்.

"செடிக்குப் பேரு என்ன?" என்று கேட்டார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

"இன்னும் வைக்கல சார்."

"பேரே இல்லாத செடிக்கு நாங்க எப்படி வேலையை நிறுத்துறது?"

பெயர் வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்தச் செடியை எடுத்துத் தாளுக்கிடையில் வைத்து அழுத்தி, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, உலர்ந்த செடிகளைச் சேமித்து வைக்கும் ஹெர்பேரியத்தின் அலமாரியில் சேர்க்க வேண்டும். உலகம் முழுக்க அதுதான் முறை. ஆனால் எஸ்தரிடம் அதற்கும் மேலே ஒரு முறை இருந்தது. ஓரிடத்தில் இருபது செடி இருந்தால் தொடக்கூடாது. இருபத்தொன்றாவது இருந்தால், அந்த ஒன்றை எடுக்கலாம்.

போன வருஷம் எண்ணியபோது இருபது. வெறுங்கையோடு இறங்கினார்கள்.

இந்த முறை இசக்கியப்பன் எண்ணி முடித்ததும் அவர் குரலே மாறிவிட்டது.

"இருபத்தொண்ணு மேடம்!"

"திரும்ப எண்ணுங்க சார்."

எண்ணினார். இருபத்தொன்றுதான். ஓரத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது.

அவர் கத்தியை எடுத்தார். எடுத்தவர், பாசிக்கு முன்னால் குத்தவைத்து அப்படியே இருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"காப்பாத்தணும்னு சொல்லிட்டு அதுல ஒண்ணைப் பிடுங்குறோம். இது சரியா?"

எஸ்தர் அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"கத்தியை உள்ள வைங்க சார். கையால எடுங்க. வேரோட வரணும். ஒரு இடத்துலகூட வேர் அறக்கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இசக்கியப்பன் புதிதாக வந்திருந்த சின்னச் செடியைத் தேர்ந்தெடுத்தார். அதன் அடியில் பாசியை விரலால் மெல்லத் தூக்கினார். திரி போல வெளுத்த வேர் ஒன்று தெரிந்தது. அது கீழே இறங்கவில்லை. இடப்பக்கமாக ஓடியது. பாசியை விரலகலம் தூக்குவதும், பார்த்துவிட்டுத் திரும்ப அமுக்கி வைப்பதுமாக அதன் பின்னாலேயே போனார். அது பக்கத்துச் செடியில் போய் நின்றது.

"மேடம், இது அடுத்த செடியோட வேர்ல மாட்டிக்கிட்டு இருக்கு."

"பிரிங்க. அறாம."

பிரிக்கப் பார்த்தார். சிக்கல் எங்கே என்று தேடினார். சிக்கலே இல்லை. இந்த வேர் அந்தச் செடிக்குள் போய் அதன் தண்டாகியிருந்தது. அதன் மறுபக்கத்திலிருந்து அதே தடிமனில் இன்னொரு வேர் கிளம்பி மேலே போயிற்று.

அதன் பின்னால் போனார். மூன்றாவது செடி. அங்கிருந்து நான்காவது.

"என்ன சார், கரண்டு போன வீட்டுல வயரைத் தடவுத மாதிரி தடவுதீங்க?" என்றார் மாசாணம்.

இசக்கியப்பன் முழங்கால் நனையப் பாறையில் தொற்றி ஏறிக்கொண்டிருந்தார். சட்டைக்குள் அட்டை ஏறியதும் அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாவது, ஆறாவது. வேர் ஒரு வெடிப்பைத் தாண்டியது. நீர் வழியும் இடத்தில் பாசிக்கு அடியிலேயே பதுங்கிப் போய் அந்தப் பக்கம் தலை காட்டியது. மாசாணமும் செருப்பைக் கழற்றிவிட்டு மறுகோடியில் ஏறினார்.

"சார், இங்கயும் போகுது."

"அறுத்துராதேயும்!"

"நான் மூச்சுகூட விடல, சார்."

பாறையின் உச்சிக்குப் பக்கத்தில், ஒரு கல்லிடுக்கில் கடைசிச் செடி இருந்தது. அதன் அடியில் வேர் விரல் தடிமனில் முண்டும் முடிச்சுமாக, கல்லோடு கல்லாக இறுகிக் கிடந்தது. எல்லாத் திரிகளும் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தன. இசக்கியப்பன் அதைத் தொடப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பாறை முழுக்கப் பரவியிருந்த பூக்களை அங்கிருந்து பார்த்தார். மூடுபனி ஒதுங்கி வெயில் விழுந்தது. எல்லாப் பூவிலும் அந்தச் சிவப்புப் புள்ளி இடது இதழிலேயே இருந்தது. ஒன்றில்கூட வலப்பக்கம் இல்லை. ஒரு வருஷமாகப் பார்த்த பூதான். இதை அவர் பார்த்ததில்லை.

கீழே நின்ற எஸ்தரைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், ஒங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"சந்தேகம் இருந்தது. காய் எங்கேயாவது பாத்தீங்களா?"

"இல்ல. எத்தனை தடவை வந்தாலும் பூதான். காய் பிடிக்கவே இல்ல. பூச்சி வரலையோன்னு நினைச்சேன்."

"பூச்சி வந்துக்கிட்டுதான் இருக்கு சார். இந்த மாதிரிச் செடி காய்க்கணும்னா இன்னொரு செடியோட மகரந்தம் வேணும். தன்னோடது உதவாது."

இசக்கியப்பன் எதிரே அடுக்கடுக்காகப் போன மலைகளைப் பார்த்தார். அவற்றில் எல்லாம் அவர் தேடியிருக்கிறார்.

"எம்புட்டு வயசு இருக்கும்மா இதுக்கு?" என்று கேட்டார் மாசாணம். குரல் தானாகத் தணிந்திருந்தது.

"தெரியாதுண்ணே. வருஷத்துக்கு ஒரு தண்டு விடுதுன்னு வச்சாலும், பழைய தண்டு எத்தனை செத்து விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

மாசாணத்தோடு இசக்கியப்பன் கீழே இறங்கி வந்தார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நான் எடுக்கல மேடம்."

"எடுக்கலைன்னா பேரு இல்ல. பேரு இல்லைன்னா பாறை இல்ல."

இசக்கியப்பன் பாறையைத் திரும்பிப் பார்த்தார்.

எஸ்தர் பைக்குள்ளிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். "பூவோட ஒரு தண்டு போதும் சார். பேரு வைக்க அது போதும். செடிக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்போ வேரோட எடுக்கச் சொன்னீங்களே, அது எதுக்கு?"

"சரியான்னு கேட்டீங்கல்ல."

இசக்கியப்பன் கத்தரிக்கோலை வாங்கினார். காலையில் ஒரு செடியையே பிடுங்கக் கத்தியோடு வந்தவர், இப்போது ஒரு தண்டை நறுக்க மூன்று முறை குனிந்து மூன்று முறை நிமிர்ந்தார். கடைசியில் மாசாணம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சின்னச் சத்தம் கேட்டது. நறுக்கிய இடத்தில் ஒரு சொட்டு நீர் திரண்டு நின்றது.

தண்டைத் தாளுக்கிடையில் கிடத்தி, மரச்சட்டத்தை வைத்து வாரை இழுத்துக் கட்டினார்கள். கூடவே ஒரு சீட்டு வைக்க வேண்டும். இடம், நாள், எடுத்தவர் பெயர் எல்லாம் இசக்கியப்பன் எழுதினார். எடுத்தது ஒரு தண்டு என்றும் எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"பாறையில மிச்சம் எத்தனைன்னு போட மேடம்?"

"இருபத்தொண்ணுல ஒண்ணு போனா இருபது" என்றார் மாசாணம். "இதுக்குப் போயி மேடத்தைக் கேக்கணுமா?"

எஸ்தர் பாறையைப் பார்த்தார். காற்று வந்தது. பூக்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

"ஒண்ணு" என்றார்.