யாருக்குத் திவசம், சார்?

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஜனங்களின் கேள்விக்கு ஏஐ மெஷின்கள் பதில் எழுதும் கம்பெனி ஒன்று. எந்தக் கேள்வி எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று அமைப்பது, பயிற்சிக்கு வந்த பூங்கோதையின் வேலை. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி பென்ஷன் கேட்டு எழுதினாள். ஒவ்வொரு வரியும் வேறு மெஷினுக்குப் போனதால், ஒவ்வொன்றும் "இறந்தது யார்?" என்று புதிதாகக் கேட்டது. அவள் அழுது புகார் எழுதினாள்.

"காலியா இருக்கிற மெஷினுக்கு அனுப்பணும்கிறது நான் போட்ட சட்டம். அதைத் தொடாம புகாரை நிறுத்து. இல்லேன்னா வீட்டுக்குப் போ," என்றார் மேனேஜர் தண்டபாணி.

மறுநாள் அவர், அம்மா திவசத்துக்குப் போக பூங்கோதையிடம் கார் கேட்டார். விவரம் கேட்டுவர அவள் ஆபீஸ் ஆட்களை அனுப்பினாள். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, "யாருக்குத் திவசம், சார்?" என்றார்கள்.

நாலாவது ஆளிடம் அவர் குரல் உடைந்தது. "எத்தனை தடவைய்யா சொல்றது, எங்கம்மா செத்துட்டாங்கன்னு!"

"காலியா இருந்தவங்களைத்தான் அனுப்பினேன், சார்," என்றாள் பூங்கோதை.

அவர் அன்றே, ஒருவர் பேச்சு முழுவதும் ஒரே மெஷினுக்குப் போகும்படி மாற்றச் சொன்னார். பென்ஷன் கேட்ட அந்தப் பெண் மட்டும் திரும்ப எழுதவே இல்லை.

பூங்கோதையோ, அது மேனேஜர் சாரின் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லி, வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள்.